நாரை மீனான தவக்காலம்

சந்தியாகுபட்டியில் நாரை மீனாக மாறியது கர வருஷம் மாசி மாதக் கடைசியில், தவக்காலத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை பிற்பகலில். மாற்றியவர் அருளப்பன். அதற்கு அவருக்கு அரை நாழிகைகூடப் பிடிக்கவில்லை.

அருளப்பன் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. கோயிலுக்கு முதல் ஆளாக வருவார், யார் வீட்டில் சாவு என்றாலும் முன்னால் நின்று குழி வெட்டுவார். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள். சாம்பல் புதன் பிறந்தால் அவர் முகம் தொங்கிவிடும். உயிர்த்த ஞாயிறு வரை சுத்தபோசனம். ஆடும் கோழியும் கண்ணால் பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது. மீன் தின்னலாம். ஆனால் மீன் ஊர்க் கண்மாயிலிருந்து வர வேண்டும், கண்மாயில் ஊர் கூடி இறங்கும் நாள் இன்னும் வந்தபாடில்லை.

அந்த வாரம் அவர் அரிசி ஏற்றி வண்டி கட்டிக்கொண்டு குமுளி வரை போயிருந்தார். மலைமேல் அணை கட்டும் வேலைக்கு ஆட்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்த காலம். அரிசி எவ்வளவு கொண்டுபோனாலும் இறக்கிய இடத்திலேயே தீர்ந்துவிடும். அங்கே ஒரு மலையாளத்து வண்டிக்காரர், அவரும் வேதக்காரர்தான், ஏதோ நீர்ப்பறவையைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தாராம். தவக்காலத்தில் இது என்ன அநியாயம் என்று இவர் கேட்க, அவர் எச்சில் கையை உதறிக்கொண்டே, "வெள்ளத்தில் கிடக்கும், மீன் தின்னும், அது மீன் தன்னெ. எங்ஙட அச்சன் பறஞ்ஞதா" என்று தங்கள் சாமியார் பேரைச் சொல்லி அடித்துப் பேசிவிட்டார். மலையிறக்கம் முழுக்க அருளப்பன் அதையே அசைபோட்டுக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து ஜனம் கோயில் வாசலுக்கு வந்ததும் கையை உயர்த்தினார்.

"ஏலே, எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கப்பா. நம்ம கண்மாய்க்குள்ள நாரை ஒம்பது கூடு கட்டியிருக்குல்ல? குஞ்சுக அம்புட்டும் கொழுத்துக் கெடக்கு. அத நாம தாராளமாத் தின்னலாம். நாரை மீன் சாதியாம். மலையாளத்துச் சாமியாரே சொல்லிட்டாக."

கூட்டம் உபதேசியார் ஞானசிகாமணியைத் திரும்பிப் பார்த்தது. பங்குச் சாமியார் அந்த ஊருக்கு வருஷத்தில் இரண்டு தரம் வந்தால் அதிகம். இடைப்பட்ட நாளில் செபம் சொல்வது, ஞானோபதேசம் படிப்பிப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் உபதேசியார்தான். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அன்றும் வரவில்லை.

"ஆண்டவர் அஞ்சாம் நாள் எதைப் படைச்சாக?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "மீனையும் பறவையையும். ஒரே நாள்ல. ஆடு மாடெல்லாம் ஆறாம் நாள். அருளப்பன் சொல்றதுல நியாயம் இருக்கு."

"அப்பக் கோழியும் அஞ்சாம் நாள்தான உபதேசியாரே?" என்றாள் பின்னாலிருந்து ஆரோக்கியம்மாள்.

"கோழி தண்ணிக்குள்ள நிக்குமா? பேசாம இரு" என்றார் உபதேசியார்.

தீர்ந்தது விவகாரம். மறுநாள் காலையில் கயிறு, தொரட்டி, கூடையோடு கண்மாய்க்குப் போவதென்று பேச்சாயிற்று. அருளப்பன் வீட்டில் அப்போதே மிளகு வறுக்கும் வாசம் வந்துவிட்டது.

இதையெல்லாம் ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் இருதயம்மாள். அவளுக்கு முப்பத்தோரு வயது. அவள் புருஷன் சூசைமுத்து ஊருக்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் பங்கிடுகிற குடும்பம் அது. தை மாதம் அவன் அணை வேலைக்கு மலையேறிவிட்டான். அன்றிலிருந்து மடை இருதயம்மாள் கையில். தண்ணீர் முறையில் ஒருவரும் அவளிடம் வாலாட்ட முடிந்ததில்லை. ஒரு விரற்கடை கூடுதலாகத் தண்ணீர் போனாலும் எந்த வரப்பில் எவன் வெட்டினான் என்று வீட்டிலிருந்தே சொல்வாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் கஞ்சியை ஊற்றி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயம் அவளுக்குப் பழக்கமில்லாத சமாசாரம்.

அந்த ஒன்பது கூடும் சாதாரணமாக வந்தவை இல்லை. ஒரு காலத்தில் கண்மாய் நடுத்திட்டில் நிற்கிற கடம்ப மரங்களில் இலை தெரியாமல் நாரை அடையும். மஞ்சள் அலகு, நீண்ட கால், வாலடியில் ரோஜாப் பூ நிறம். அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு எரு வேண்டியதில்லை. கதிர் பாரம் தாங்காமல் சாயும். பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் புல்லின் வேரைக்கூடத் தோண்டித் தின்றார்கள். சந்தியாகுபட்டிக்காரர்கள் நாரையைத் தின்றார்கள். ஒரு பறவை பாக்கியில்லாமல் தின்றார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது, சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். பசித்தவன் தின்றான். ஆனால் அதற்கப்புறம் பதினாலு மழைக்காலம் கண்மாய் நிறைந்தது, கடம்பு தளிர்த்தது, ஒரு நாரை வந்து உட்காரவில்லை. வயலுக்கு ஆட்டுக்கிடை போட்டே ஊர் ஓய்ந்துபோயிற்று.

இந்த மார்கழியில்தான் திரும்பி வந்தன. முதல் சோடி நடுக்கடம்பில் குச்சி கொண்டுவந்து வைத்த அன்று, மடைக்கல்மேல் உட்கார்ந்து அதைப் பார்த்த இருதயம்மாள் வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. அழுதாள். ஏன் அழுதாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் குஞ்சுகளையும் இறக்கிவிட்டால் இனி ஒரு காலமும் அவை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஒரு தரம் தப்பாகப் போயிற்று, இன்னொரு முறை நம்பி வந்திருக்கின்றன. மூன்றாம் முறை என்று ஒன்று கிடையாது. எரு, எச்சம், கதிர் என்று ஊராரிடம் நியாயம் பேசிப் பார்க்கலாம். ஆனால் மிளகு வறுபட்ட பிறகு நியாயம் யார் காதில் ஏறும்? இருதயம்மாள் யோசித்தாள். கஞ்சி ஆறிப்போனது. கடைசியில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பெட்டியைத் திறந்து சூசைமுத்துவின் வெள்ளைத் துண்டை எடுத்து உதறினாள்.

அந்தத் துண்டின் கதை இது. சந்தியாகுபட்டிக் கண்மாயில் தனியாக எவரும் மீன் பிடிக்க முடியாது. ஊரே ஊத்தாக் கூடையும் வலையுமாகக் கரையில் திரண்டு நிற்கும். நீர்பாய்ச்சி வீட்டார் மடைக்கல்மேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை மூன்று முறை வீசுவார்கள். அப்புறம்தான் தண்ணீரில் கால் வைக்கலாம். என்றைக்கு வீசுவதென்பது அவர்கள் இஷ்டம். வழக்கமாகத் தவக்காலத்தின் பாதியில் வீசுவார்கள். அன்று பிடிபடும் முதல் மீன், சின்னதோ பெரியதோ, துண்டு வீசினவருக்குச் சேர வேண்டும். துண்டு வீசுமுன் இறங்கினவனுக்கு அந்த வருஷம் தண்ணீர் முறை கடைசி. கடைசி முறை என்றால் நாற்று கருகும். அதனால் அந்தக் கட்டுப்பாட்டை மீறினவன் ஊரில் கிடையாது.

சனிக்கிழமை விடிந்ததும் நாற்பது பேர் கரைக்கு வந்தார்கள். முன்னால் அருளப்பன், தோளில் கயிற்றுச் சுருள். இருதயம்மாள் அவர்களுக்கு முன்பே வந்து மடைக்கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துண்டு. நடுத்திட்டில் குஞ்சுகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"என்னத்தா, வெள்ளனமே துண்டும் கையுமா?" என்றார் அருளப்பன். அவர் அவளுக்கு மாமன் முறை.

"நீங்க மீன் பிடிக்க வர்றீகன்னு சொன்னாக மாமா. துண்டு இல்லாம எப்பிடி?"

"மீனா? நாங்க நாரை எறக்க வந்திருக்கோம்."

"நாரைன்னா?"

"நாரைன்னா மீன் சாதிதான். நேத்து நீயும் அங்கனதான நின்ன?"

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் மாமா. உபதேசியாரே, நீங்களே இன்னொருக்காச் சொல்லிருங்க. எல்லாருக்கும் கேக்குறாப்ல."

உபதேசியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்துக்கு முன்னால் பேசச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார். "மீன்தான்" என்றார்.

"சந்தேகமில்லாம?"

"வேதத்துல இருக்கு."

"அப்பச் சரி." இருதயம்மாள் எழுந்து கல்மேல் நின்றாள். "நம்ம கண்மாய் மீனத் துண்டு வீசாம தொட்டவன் உண்டா? இருந்தா முன்னால வரட்டும். அவன் மூஞ்சிய நான் பாத்து வச்சுக்கணும், ஆடியில முறை விடுறப்ப வேணும்."

அருளப்பனின் தோளிலிருந்து கயிறு நழுவியது.

"அப்ப வீசேன்த்தா" என்றார் அவர், குரலைத் தணித்துக்கொண்டு.

"வீசாம எங்க போறேன்? உயிர்த்த ஞாயிறு திருநாள் கழிஞ்சு திங்கக்கெழம வீசுறேன்."

"திருநாள் கழிஞ்சா! அதுக்கு இன்னும் அஞ்சு வாரம் கெடக்கே!" அருளப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அதெல்லாம் முடியாது. அது மீனே இல்ல. றெக்கை இருக்கு, கூடு கட்டுது, பறவைதான்! பறவையத் தொட உன் துண்டு எதுக்கு?"

"பறவையா மாமா? பறவைன்னா எனக்குப் பாத்தியம் இல்ல, போய் ஏறுங்க." அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். "உபதேசியாரே, ஒரு சந்தேகம். சுத்தபோசன நாள்ல பறவைக்கறி தின்னா அது அற்பப் பாவமா, சாவான பாவமா?"

முப்பது வருஷமாக ஞானோபதேசம் படிப்பித்த நாக்கு அது. கேள்வி வந்தால் பதில் தானாக வரும். "சாவான பாவம்" என்று பட்டென்று சொல்லிவிட்டு, உபதேசியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதலில் சிரித்தவள் ஆரோக்கியம்மாள். அப்புறம் ஒருவர் பாக்கியில்லை. கூடை கொண்டுவந்தவர்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். அருளப்பன் ஒரு தரம் கடம்ப மரத்தைப் பார்த்தார், ஒரு தரம் துண்டைப் பார்த்தார்.

"மீனாவே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "மீன்னே சொல்றேன். திங்கக்கெழம துண்டு வீசுன மறு நிமிஷம் மொத ஆளா எறங்குறது நான்தான். நேரா நடுக்கடம்புக்குத்தான் வருவேன், பாத்துக்க."

"வாங்க மாமா. மீன் எங்கயும் ஓடிராது" என்றாள் இருதயம்மாள். ஓடிவிட வேண்டும் என்றுதான் அவள் அத்தனை நாள் தள்ளி வைத்தாள். அஞ்சு வாரத்தில் இறக்கை முற்றிவிடும் என்பது அவள் கணக்கு. நாரையிடம் கேட்டுச் சொன்ன கணக்கு இல்லை.

ஊர் சிரித்ததெல்லாம் மூன்று நாளைக்குத்தான். நாரை தப்பித்ததோடு மீனும் தப்பித்துவிட்டது என்பது அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது. துண்டு வீசாவிட்டால் கெண்டையும் கிடையாது, விராலும் கிடையாது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, மறுபடி முருங்கைக்கீரை. மூன்றாம் வாரம் போய் நாலாம் வாரம் வந்தபோது இருதயம்மாளைக் கண்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துண்டை அவள் கையிலிருந்து வாங்க வேறு வழி தெரியாமல், அருளப்பன் மலைக்குப் போகிற வண்டிக்காரரிடம் சூசைமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினார்: உடனே இறங்கி வந்து துண்டு வீசு, உன் பெண்சாதி ஊரைக் கீரை தின்னவைத்துக் கொல்கிறாள்.

எட்டாம் நாள் பதில் வந்தது. "மடை யாரு கையில இருக்கோ துண்டும் அவ கையிலதான். அவகிட்டப் போய்ச் சொல்ற தைரியம் எனக்கு இருந்தா நான் ஏன் மாமா மலையேறி வந்து கல்லு சொமக்குறேன்?"

அருளப்பன் அந்தப் பதிலை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தார். வண்டிக்காரர் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அவரிடம் வந்திருந்தார்.

கிணற்றடியில் ஒரு நாள் ஆரோக்கியம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள். அவள்தான் இருதயம்மாளுக்கு அடுத்த வீடு, அவள்தான் முதலில் சிரித்தவள், இப்போது அவளுக்கே பொறுமை போயிருந்தது.

"ஏன்டி, எருவுக்காகன்னா ஒரு கிடை கூடப் போட்டுக்கலாம். நெசத்தச் சொல்லு. ஒம்பது கூட்டுக்காக ஊரப் பகைக்கிறியே, உனக்கு என்ன வந்துச்சு?"

இருதயம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"தாது வருசத்துல கடைசிக் கூட்ட எறக்குனது நான்தான் மதினி. எனக்கு அப்ப பதினாறு வயசு. உடம்புல எடை இல்ல, நுனிக்கொப்பு வரைக்கும் ஏறலாம். நடுக்கடம்பு உச்சியில மூணு குஞ்சு. மூணையும் மடியில கட்டி எறக்குனேன். தாய்ப்பறவை பக்கத்துக் கொப்புலயே நிக்குது. கொத்தல, வெரட்டல. அலக மட்டும் தட்டிக்கிட்டு நிக்குது. அந்த மூணு குஞ்சுலதான் எங்க ஆத்தா பொழச்சா, தங்கச்சி பொழச்சா, நான் பொழச்சேன். தின்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா வயித்துக்கு இல்லாம தின்னது வேற, நாக்குக்காகத் தின்னுறது வேற. இப்ப நமக்குக் கஞ்சி இருக்கு மதினி. கீரை இருக்கு. அதுகளுக்கு நம்ம கண்மாய விட்டா வேற எடம் இருக்கான்னு எனக்குத் தெரியல."

ஆரோக்கியம்மாள் குடத்தைத் தூக்கி இருதயம்மாள் இடுப்பில் வைத்துவிட்டு, தன் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறன்று குஞ்சுகள் கூட்டு விளிம்பில் ஏறி நின்று இறக்கையை அடித்தன. பத்தொன்பது குஞ்சு, எல்லாம் கறுத்த முகமும் அழுக்கு வெள்ளை உடம்புமாக. அடித்தனவே தவிர எழும்பவில்லை. பங்குனி வெயிலில் தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்கியது. அறுப்பு முடிந்திருந்ததால் வயலுக்குத் தண்ணீர் தேவையில்லை. இருதயம்மாள் மடைத் துளைகளை வைக்கோலும் களிமண்ணும் வைத்து இறுக அடைத்தாள். அப்படியும் பெரிய வியாழன் காலையில் திட்டின் மேற்குப் பக்கம் முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டது. சேற்றில் நரியின் கால் தடம். கரைக்கும் திட்டுக்கும் நடுவே அது வந்து நின்று ஆழம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது.

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு கருவேல முள் வெட்டக் கிளம்பினாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆரோக்கியம்மாள், அவள் கையிலும் ஒரு அரிவாள்.

"என்ன பாக்குற? நட. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்."

இரண்டு பேருமாகத் திட்டைச் சுற்றி மேற்கே அரை வட்டமாக முள் அடைத்தார்கள். கை முழுக்கக் கீறல். அன்று மாலை ஊரார் பங்குக் கோயிலுக்கு வண்டி கட்டிப் போனபோது அந்தக் கீறலைப் பார்த்து உபதேசியார் பதறிப்போனார். எப்படி வந்தது என்று சாமியார் கேட்டுவிடுவாரே என்பதுதான் அவர் கவலை. "தாயே, எல்லாரும் கேட்டுக்கங்க, நாரை மீனுங்குற பேச்சு மட்டும் சாமியார் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா என் உத்தியோகம் போச்சு" என்று வண்டி வண்டியாகப் போய்க் கும்பிட்டார். ஊரார் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கொரு முறை அவரைக் கெஞ்சவைத்த பிறகுதான்.

உயிர்த்த ஞாயிறு போயிற்று. ஊரில் ஆடு வெட்டினார்கள், அருளப்பன் வயிறு குளிர்ந்தது. இனிமேல் அவருக்கு நாரைக்கறி தேவையே இல்லை. ஆனால் நாற்பது பேர் முன்னால் பேசிய பேச்சு இருக்கிறதே, அது ஆட்டுக்கறியில் அடங்குமா? திங்கட்கிழமை காலையில் அவர் ஊத்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். அடியில்லாத கூடை போன்ற மூங்கில் ஊத்தா. மீன் மேல் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கைவிட்டு எடுக்க வேண்டியது. நாரையைப் பிடிக்க ஊத்தாவா என்று ஒருவர் கேட்டதற்கு, "மீன்னு சொல்லியாச்சுல்ல, மீனப் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பேன்" என்றார்.

பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து முந்நூறு பேர் கரையில். இருதயம்மாள் மடைக்கல்மேல் ஏறினாள். திட்டைப் பார்த்தாள். விடியற்காலையில் நாலு குஞ்சு மரத்துக்கு மரம் தாவியதை அவள் பார்த்திருந்தாள். மற்றவை கூட்டிலேயே நின்றன. கொடுத்த நாள் வந்துவிட்டது, மாற்ற முடியாது. அவளும் மாற்றுகிற ஆள் இல்லை. துண்டை உயர்த்தி ஒரு முறை வீசினாள். இரண்டாம் முறை. கரை முழுக்கக் குனிந்து நின்றது. மூன்றாம் முறை வீசினாள்.

முந்நூறு பேர் ஒரே குரலாகக் கூவிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தார்கள். அந்தச் சத்தத்துக்குக் கண்மாயே குலுங்கியது.

அந்தச் சத்தம்தான் வேலை செய்தது. தாய்ப்பறவைகள் எழும்பின. பின்னாலேயே குஞ்சுகள், ஒன்று, மூன்று, ஆறு, இறக்கையைக் கண்டபடி அடித்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கடம்பை விட்டு எழுந்துவிட்டன. ஒரு குஞ்சு கீழே வந்து ஒருவர் தலைப்பாகையை உரசிவிட்டு மேலே ஏறியது. பாதிப் பேர் மீனை மறந்து அண்ணாந்து பார்த்தார்கள். இருதயம்மாள் கல்மேல் நின்றபடி வாய்விட்டு எண்ணினாள். பதினேழு, பதினெட்டு. அதற்குமேல் எண்ண ஒன்றுமில்லை.

பத்தொன்பதாவது, நடுக்கடம்பு உச்சிக் கூட்டுக் கடைக்குட்டி. அது பறக்கத்தான் செய்தது, மூன்று முழம். பிறகு தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. விழுந்த இடத்துக்கு இரண்டு எட்டில் அருளப்பன் நின்றார்.

அவர் யோசிக்கவே இல்லை. ஐம்பது வருஷப் பழக்கம். ஊத்தாவை ஓங்கிக் கவிழ்த்தார். மேல் வாயில் கையை விட்டு, கழுத்தும் காலுமாகத் துடித்த குஞ்சை வெளியே எடுத்துத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். அவர் முகத்தில் ஐந்து வாரத்துச் சந்தோஷம் தெரிந்தது.

"மாமா!" மடைக்கல்லிலிருந்து இருதயம்மாள் குரல் கண்மாய் முழுக்கக் கேட்டது. "இதுக்கு முன்னால யாராவது மீன் பிடிச்சாகளா?"

ஒருவரும் பிடித்திருக்கவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டல்லவா நின்றார்கள்.

"அப்ப அதுதான மொத மீனு?"

ஆரோக்கியம்மாள் இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு, "மொத மீனு! மொத மீனு!" என்று கூவினாள். ஒரு தவக்காலம் முழுக்கக் கீரை தின்ற ஊருக்கு இதைவிட விருந்து வேண்டுமா? முந்நூறு பேரும் கூவினார்கள். அருளப்பன் கையிலிருந்த குஞ்சைப் பார்த்தார். மீன் என்று ஊருக்குச் சொன்னது அவர். மீன்தான் என்று மடைக்கல் முன்னால் ஒப்புக்கொண்டதும் அவர். முதல் மீன் துண்டு வீசினவருக்கு என்ற கட்டுப்பாட்டை அவர் அப்பனும் மீறியதில்லை.

அவர் வாய் கோணியது. கொஞ்சம் கொஞ்சமாக அது சிரிப்பாக மாறியது. தண்ணீரை அளைந்துகொண்டு மடைக்கல் வரை நடந்து வந்து, இரண்டு கையாலும் குஞ்சை நீட்டினார்.

"இந்தாத்தா. உன் மீனு. அலகு கூரா இருக்கு, கண்ணப் பாத்துக்க."

இருதயம்மாள் அதை வெள்ளைத் துண்டில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டாள். புடவையை வரிந்துகொண்டு நடுத்திட்டுக்குப் போய் நடுக்கடம்பில் ஏறினாள். பதினாறு வயது எடை இப்போது இல்லை. கொப்பு முறுகியது, கீழே அருளப்பன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "பாத்து, பாத்துத்தா, எடது கொப்பு ஆகாது" என்று பதறிக்கொண்டு நின்றார். உச்சிக் கவட்டை வந்தது. அதே கவட்டைதான். அன்றைக்கு மூன்றை எடுத்த இடத்தில் இன்றைக்கு ஒன்றை வைத்தாள். குஞ்சு அவள் புறங்கையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுக் கூட்டுக்குள் நகர்ந்து உட்கார்ந்தது. ரத்தம் வந்தது. அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கொப்பில் தாய்ப்பறவை வந்து இறங்கியது. அவளைப் பார்த்து அலகைத் தட்டியது.

"வச்சுட்டேன்" என்றாள் இருதயம்மாள். "வச்சுட்டேன், பாத்துக்க." அவள் கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்கக் கை சும்மா இல்லை.

"ஏத்தா" என்று கீழிருந்து அருளப்பன் கத்தினார். "திருநாள்தான் முடிஞ்சு போச்சே. இனியாவது அது பறவையாகுமா, ஆகாதா?"

"பறக்குற அன்னைக்குப் பறவையாகும் மாமா. அது வரைக்கும் மீன்தான். தொடக் கூடாது."

அருளப்பன் தலையைச் சொறிந்துகொண்டு ஊத்தாவை எடுத்துக்கொண்டு போனார். அன்று அவருக்கு நல்ல விரால் நாலு கிடைத்தது. மறுநாளும் காலையில் அவர் கண்மாய்க் கரையில் இருந்தார், அதற்கு அடுத்த நாளும் இருந்தார். வயலில் வேலையில்லாத காலம், காற்றாட வந்தேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அவர் பார்வை மட்டும் உச்சிக் கவட்டையை விட்டு நகரவில்லை. நரி வந்தால் எறிய மடி நிறையக் கல் வைத்திருந்தார்.

ஆறாம் நாள் காலையில் இருதயம்மாள் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியிலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அருளப்பன், மூச்சு வாங்க, தோள்துண்டு ஒரு பக்கம் இழுபட, வழியில் நின்றவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்தார். வரும்போதே கூவினார்.

"ஏத்தா இருதயம்! மீன் பறந்துருச்சுத்தா!"